காது கேளாத பெண் கவிஞரின் சைகைமொழிக் கவிதையைப் படமெடுத்து வெளியிடுவது எப்படி?

சிற்றிதழோ, கல்லூரித் தமிழ்மன்றமோ, யூடியூப் சேனலோ நடத்துகிறீர்கள். சைகைமொழியில் கவிதை சொல்லும் ஒரு பெண்ணைப் பற்றிக் கேள்விப்பட்டு, அதைப் படமெடுத்து வெளியிடலாம் என்று நினைக்கிறீர்கள். கையில் நல்ல ஃபோன் இருக்கிறது, ட்ரைபாட் இருக்கிறது, ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும் என்று தோன்றும். போதாது. இரண்டு நிமிடக் கவிதைக்கு ஏழெட்டு வாரம் ஒதுக்குங்கள். அதில் படப்பிடிப்பு அரைநாள்தான். மிச்சமெல்லாம் பார்க்கப் பழகுவதிலும், பேசி முடிவெடுப்பதிலும், தமிழ் வடிவம் எழுதுவதிலும் போகும்.

இவ்வளவு நேரம் ஏன்? எழுத்துக் கவிதையை அச்சிடும்போது எழுத்துருவை மாற்றினாலும் கவிதை மாறாது. சைகைமொழிக் கவிதையில் உடலும் கேமராச் சட்டகமும் நேரமும்தான் பிரதி, அதாவது கவிதையே அவைதான். கேமராவை ஒரு அடி முன்னால் வைத்தால் ஒரு வரியே வெளியே போய்விடலாம். கவிஞர் பெண்ணாக இருக்கும்போது உடை, முகபாவம், கேமராவுக்குப் பின்னால் நிற்பது யார் என்பதும் பிரதிக்குள் வந்துவிடுகின்றன. கீழே உள்ளவை இந்தியாவில், குறிப்பாகத் தமிழ்நாட்டில், இந்திய சைகைமொழியில் கவிதை செய்யும் பெண்ணோடு வேலை செய்யப் போகிறவர்களுக்கானவை.

1. முதலில் பார்க்கப் பழகுங்கள் (இரண்டு வாரம்)

சைகைமொழி தெரியாமல் இந்த வேலையில் இறங்கலாம். பார்க்கத் தெரியாமல் இறங்கக் கூடாது. வேல்ஸில் 1931இல் பிறந்து, எட்டு வயதில் மூளைக்காய்ச்சலால் செவித்திறன் இழந்த டோரதி மைல்ஸ், ஆங்கிலத்திலும் சைகையிலும் சேர்த்தே கவிதை அமைத்தவர். அவருடைய கவிதைகளில் ஒன்று காலை, பிற்பகல், மாலை என்று மூன்று பகுதி கொண்டது. இரு கைகளின் சமச்சீரைப் பற்றிப் பேச வருபவர்கள் அதைத்தான் கையில் எடுப்பார்கள். அமெரிக்க சைகைமொழிக் கவிஞர் எல்லா மே லென்ட்ஸ் (Ella Mae Lentz) தம் கவிதைத் தொகுப்பை 1995இல் காணொளியாகவே வெளியிட்டார். இந்த இருவரையும் பாருங்கள். அவர்கள் மொழி பிரிட்டிஷ், அமெரிக்க சைகைமொழிகள், இந்திய சைகைமொழி வேறு. ஆனாலும் உத்திகளைப் பழகிக்கொள்ள உதவும்.

ஒரு கவிதையை ஐந்து முறை பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் கவனியுங்கள்.

முதல் முறை கைவடிவம். விரித்த ஐந்து விரல், மூடிய முட்டி, நீட்டிய ஒரு விரல் என்று எந்த வடிவம் திரும்பத் திரும்ப வருகிறது? நமக்கு மோனையும் எதுகையும் காதில் விழுவது போல, அவர்களுக்குக் கைவடிவம் கண்ணில் விழும். ஒரு எளிய வரியை எடுத்துக்கொள்வோம். விரித்த ஐந்து விரல்கள் தலைக்கு மேலிருந்து இறங்குகின்றன, மழை. அதே விரல்கள் இடது உள்ளங்கைக்குக் கீழிருந்து மேலே எழுகின்றன, நாற்று. எழுந்த விரல்கள் நிற்காமல் காதோரம் போய் முடியைக் கோதுகின்றன, ஒரு பெண். மூன்று பொருளுக்கும் கைவடிவம் ஒன்றுதான். நாற்று முடியும் இடத்திலேயே கோதல் தொடங்குகிறது. நம் ஊரில் இதற்குப் பெயர் அந்தாதி.

இரண்டாம் முறை இடம். எது இடப்பக்கம் வைக்கப்பட்டது, எது வலப்பக்கம், எது நெஞ்சில், எது தோளுக்கு மேல்? ஒரு கவிஞர் அம்மாவை இடப்பக்கமும் பள்ளியை வலப்பக்கமும் வைத்தால், பிறகு அந்த வெற்றிடத்தைச் சுட்டினாலே போதும். மூன்றாம் முறை கண். பார்வை பார்வையாளரிடமா, தன் கையிடமா, கவிதைக்குள் இருக்கும் இன்னொருவரிடமா, எங்குமில்லாத தூரத்திலா? கண் மாறும் இடத்தில் பேசுகிறவரும் மாறலாம். நான்காம் முறை புருவம், வாய், கன்னம். இவை உணர்ச்சிக்கு மட்டுமல்ல, இலக்கணத்துக்கும் உரியவை. கேள்வியைப் பல சமயம் புருவம்தான் கேள்வியாக்குகிறது. ஐந்தாம் முறை நேரம்: எங்கே வேகம், எங்கே கை அந்தரத்தில் நிற்கிறது, எவ்வளவு நேரம்.

ஒரு எச்சரிக்கை. பரதம் தெரிந்தவர்கள் இதை முத்திரையாகப் படிக்க முனைவார்கள். முத்திரை வேறு, சைகைமொழி வேறு. ‘கொஞ்சம் அபிநயம் சேர்த்தால் நன்றாயிருக்கும்’ என்று கவிஞரிடம் யாராவது சொன்னால், அந்த நபரைப் படப்பிடிப்புக்கு அழைக்காதீர்கள்.

2. யார் யார் வேண்டும் (ஒரு வாரம்)

கவிஞரைத் தவிர மூன்று பேர்: சைகைமொழியைத் தமிழில் மாற்றிச் சொல்லும் இன்டர்பிரட்டர் ஒருவர், சைகைமொழியையே முதல்மொழியாகக் கொண்ட காது கேளாத ஆலோசகர் ஒருவர், கேமராவுக்கு ஒருவர். ஆலோசகரைத்தான் எல்லோரும் செலவு என்று வெட்டிவிடுகிறார்கள். கடைசியில் தப்பு வருவதும் அந்த இடத்தில்தான். காது கேட்கும் இன்டர்பிரட்டருக்கு அர்த்தம் புரியும். ஆனால் ஒரு சைகை வழக்கமானதா, கவிஞர் புதிதாக ஆக்கியதா என்று சொல்ல அதிலேயே வளர்ந்த ஒருவர் வேண்டும்.

இன்டர்பிரட்டர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். பதிவு எண் இருக்கும். ஆனால் பதிவு மட்டும் போதாது. மருத்துவமனையிலும் காவல் நிலையத்திலும் பிரமாதமாக வேலை செய்பவர் கவிதையில் திணறலாம். ஒரு நிமிடக் கவிதைக் காணொளி ஒன்றை அனுப்பி, ‘இதில் உங்களுக்குப் புரியாத இடம் எது?’ என்று கேட்டுப் பாருங்கள். ‘எல்லாம் புரிந்தது’ என்றால் வேறு ஆளைத் தேடுங்கள்.

குடும்பத்தாரை இன்டர்பிரட்டராக வைக்காதீர்கள். அண்ணன் நன்றாகச் சைகை செய்வார், செலவும் இல்லை, உண்மைதான். ஆனால் கவிதை அம்மாவைப் பற்றியோ கல்யாணத்தைப் பற்றியோ மாதவிடாயைப் பற்றியோ இருந்தால், அண்ணன் நிற்கும் அறையில் அது வேறு கவிதையாகிவிடும். முடிந்தவரை இன்டர்பிரட்டரும் கேமராக்காரரும் பெண்ணாக இருக்கட்டும். யார் வேண்டும் என்று கவிஞரிடமே கேட்டுவிடுவது இன்னும் நல்லது.

அகராதி விஷயத்தில் ஒரு பொறி உண்டு. டெல்லியில் இருக்கும் இந்திய சைகைமொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 2021இல் பத்தாயிரம் சொற்கள் கொண்ட அகராதியை வெளியிட்டது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, நல்ல துணை. ஆனால் அதை வைத்துக் கவிஞரைத் திருத்தக் கூடாது. பெண்கள் மட்டும் படித்த விடுதிப் பள்ளிகளில் தனிச் சைகைகள் வளர்வது புதிதல்ல. டப்ளினில் பெண்களுக்கு 1846இலும் ஆண்களுக்கு 1857இலும் தனித்தனிப் பள்ளிகள் தொடங்கியதால், அயர்லாந்து சைகைமொழியில் பெண்களுக்கும் ஆண்களுக்கும் வெவ்வேறு சொற்களே இருந்தன. அறுபது வயதுப் பெண் ஒருவர் செய்யும் ஒரு சைகை இளம் இன்டர்பிரட்டருக்குத் தெரியவில்லை என்றால் அது தப்பான சைகை ஆகிவிடாது. அந்தச் சைகைக்காகவே அந்தக் கவிதையைப் பதிவு செய்ய வேண்டியிருக்கலாம்.

பணம்: இன்டர்பிரட்டர் மணிக்கணக்கில் வாங்குவாரா அரைநாள் கணக்கிலா, பயணச் செலவு தனியா என்று முதலிலேயே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் இடைவிடாத வேலை என்றால் இரண்டு பேர் வேண்டும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்வார்கள். பட்ஜெட்டில் முதல் வரி கவிஞரின் சன்மானம். அது இன்டர்பிரட்டருக்குக் கொடுப்பதைவிடக் குறையக் கூடாது. இன்டர்பிரட்டருக்குக் கட்டணம், கவிஞருக்குப் பொன்னாடை என்பது நடைமுறையில் நிறைய நடக்கிறது. அசிங்கம்.

3. ஒப்பந்தம் (படப்பிடிப்புக்கு ஒரு வாரம் முன்பே முடியட்டும்)

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957, ‘நாடகப் படைப்பு’ என்பதற்குள் பேச்சில்லா நிகழ்த்துதலையும் சேர்க்கிறது. அது எழுத்திலோ வேறு விதத்திலோ பதிவாகியிருந்தால் போதும். ஆகவே தாளில் எழுதப்படாத சைகைமொழிக் கவிதைக்கும் காணொளியாகப் பதிவானதும் பாதுகாப்புக் கோர இடம் இருக்கிறது. சிக்கல் அடுத்த படியில். காணொளி என்பது சட்டத்தின் கண்ணில் திரைப்படம். திரைப்படத்தின் ஆசிரியர் அதன் தயாரிப்பாளர், அதாவது நீங்கள். நிகழ்த்துநர் என்ற முறையில் கவிஞருக்கு 50 ஆண்டு உரிமை உண்டு. ஆனால் படத்தில் சேர்க்க எழுத்தில் ஒப்புக்கொண்டுவிட்டால், வேறு ஏற்பாடு எழுதப்படாத வரை, அந்த உரிமையைத் தயாரிப்பாளர் அனுபவிப்பதை அவர் தடுக்க முடியாது. வணிகப் பயன்பாட்டில் பங்கு கேட்கும் உரிமை மட்டும் அவரிடம் நிற்கும். சாதாரண ‘சம்மதக் கடிதம்’ ஒன்றில் கையெழுத்து வாங்கினால், உங்களுக்கே தெரியாமல் அவருடைய கவிதையை நீங்கள் எடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

ஆகவே கடிதத்தில் இவை தெளிவாக இருக்கட்டும்: கவிதையின் உரிமை கவிஞருடையது, பதிவை வெளியிட உங்களுக்கு உரிமம் மட்டும். எந்தத் தளங்களில், எத்தனை ஆண்டு, எந்த நாடுகளில். கால அளவு எழுதாவிட்டால் சட்டம் ஐந்து ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும், இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும். உரிமம் வாங்கி ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு மாதிரி எழுதியிருந்தாலொழிய, அது காலாவதி. ஒரு பிரதியை வழக்கறிஞர் நண்பர் ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

பொதுவான படிவங்களில் இல்லாத, இங்கே கட்டாயம் வேண்டிய சில: வெட்டவோ வேகம் மாற்றவோ இசை சேர்க்கவோ கூடாது. தமிழ் வடிவத்துக்கு இறுதி ஒப்புதல் கவிஞருடையது. நிழற்படமாகப் பயன்படுத்தும் ஃபிரேமை அவரே தேர்ந்தெடுப்பார். கணினிக்குச் சைகைமொழி கற்பிக்கும் தரவுத் தொகுப்புகளுக்குக் கொடுக்கலாமா கூடாதா என்பதற்குத் தனிக் கட்டம். விலக்கிக்கொள்ள விரும்பினால் எத்தனை நாளில் நீக்குவீர்கள். பெயர் எப்படி வரவேண்டும், திரையில் அவருடைய பெயர்ச் சைகையும் (அவரைக் குறிக்கும் தனிச் சைகை) வரவேண்டுமா. பணம் எந்தத் தேதியில்.

இனி முக்கியமான பொறி. சைகைமொழியில் வளர்ந்த பலருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாம் மொழி. சட்டத் தமிழ் நமக்கே புரிவதில்லை. ஒப்பந்தத்தை முழுதாகச் சைகைமொழியில் விளக்கிக் காணொளியாக எடுத்து அவருடைய ஃபோனுக்கு அனுப்புங்கள். வீட்டில் நிதானமாகப் பார்த்து, கேள்விகளைத் திரும்பக் காணொளியாக அனுப்பட்டும். சம்மதத்தையும் அப்படியே வாங்கிக் கையெழுத்துப் பிரதியோடு சேர்த்து வையுங்கள். படப்பிடிப்பு அன்று காலை லைட்டெல்லாம் போட்டுவிட்டு ‘இங்கே ஒரு கையெழுத்து’ என்று நீட்டினால் யாரும் மறுக்க மாட்டார்கள். அதைச் சம்மதம் என்று சொல்ல முடியாது. பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் கையெழுத்தும் வேண்டும்.

பதிவு செய்வது கட்டாயமல்ல. கவிஞர் விரும்பினால் பதிப்புரிமை அலுவலக இணையதளத்தில் படிவம் 14 நிரப்பித் தம் பெயரிலேயே விண்ணப்பிக்கலாம். இலக்கிய, நாடகப் படைப்புக்குக் கட்டணம் ரூ. 500. அதையே திரைப்படம் என்ற பிரிவில் போட்டால் ரூ. 5,000, அதுவும் தயாரிப்பாளர் பெயரில் போகும். பிரிவைத் தப்பாகத் தேர்ந்தெடுத்துப் பத்து மடங்கு கட்டிவிடாதீர்கள். விண்ணப்பித்த பின் ஆட்சேபனைக்காக 30 நாள் காத்திருப்பு உண்டு.

4. உடை, நகை, முடி

விதி ஒன்றுதான்: கையும் முகமும் உடையிலிருந்தும் பின்னணியிலிருந்தும் பிரிந்து தெரிய வேண்டும். கறுத்த நிறத்தவருக்கு இளநீலம், சாம்பல் போன்ற நடுத்தர வெளிர் நிறங்கள். தூய வெள்ளை வேண்டாம், கேமரா முகத்தை இருட்டாக்கிவிடும். மாநிறத்துக்கும் சிவந்த நிறத்துக்கும் கருநீலம், அரக்கு. கோடு போட்டது, சின்னக் கட்டம் போட்டது திரையில் நெளியும். புறங்கையைவிட உள்ளங்கை வெளுப்பாக இருப்பதால், கை திரும்பும்போது ஒரு மின்னல் அடிக்கும். அதைக் கணக்கில் வைத்தே திருப்பும் கவிஞர்கள் உண்டு. இரு பக்கமும் காட்டச் சொல்லி ஒரு சோதனை எடுத்துப் பாருங்கள்.

சேலை என்றால் முந்தானையைப் பின் செய்யச் சொல்லுங்கள். நெஞ்சிலும் தோளிலும் வைக்கும் சைகையில் விரல் சிக்கும். துப்பட்டாவும் அப்படியே. பெரிய சரிகைக் கரை ஒளியில் பளிச்சிடும். வளையல் முழங்கை வரை சரிந்து திரும்பி வரும், கண் அதன் பின்னால் போகும். தாலியைக் கழற்றச் சொல்லாதீர்கள், உள்ளே போட்டுக்கொண்டால் போதும். முடி புருவத்தை மறைக்காமல் இருக்கட்டும். ஹிஜாபுக்கு ஒரு தடையும் இல்லை, நெற்றிப்பக்கம் புருவம் தெரியும்படி பின் செய்தால் சரி.

இவையெல்லாம் விதிகள். கவிஞர் இவற்றை மீற விரும்பினால் விட்டுவிடுங்கள். சிவப்பு நகப்பூச்சு கவனத்தைச் சிதறடிக்கும் என்பார்கள். ஆனால் பத்து விரலும் மொட்டாகும் ஒரு கவிதையில் அந்தச் சிவப்புதான் படிமம். வளையலை ஒவ்வொன்றாகக் கழற்றும் கவிதையில் வளையல் இல்லாமல் எப்படி? ‘இது வேண்டுமென்றே வைத்திருப்பதா?’ என்று ஒரு கேள்வி கேட்டால் போதும்.

5. படப்பிடிப்பு (அரைநாள்)

சட்டகம்: உயர்த்திய கைக்கு மேல் ஒரு சாண் இடம், கீழே இடுப்புக்குக் கீழ் வரை, பக்கவாட்டில் நீட்டிய கை முழுதும். ஒத்திகையில் அவருடைய மிகப் பெரிய அசைவைக் கேட்டு வாங்கி அதற்கு வையுங்கள். அடியில் எழுத்து வரும் என்றால் சட்டகத்தின் கீழ் ஏழில் ஒரு பங்கைக் காலியாக விடுங்கள். ஃபோன் என்றால் அகல லென்ஸில் கிட்டப் போகாதீர்கள். முன்னால் நீளும் கை முகத்தைவிடப் பெரிதாகிவிடும். இரண்டு மடங்கு லென்ஸில், 3 முதல் 3.5 மீட்டர் தள்ளி, கேமரா அவருடைய நெஞ்சு உயரத்தில். தாழ வைத்தால் கவிஞர் உங்களைப் பார்ப்பது தூரத்தைப் பார்ப்பதாகத் தெரியும், கண் சொல்லும் பொருள் கெடும். படுக்கை வாக்கில் எடுங்கள். ரீல்ஸுக்காக நெட்டுக்குத்தாக எடுத்து, நீட்டிய கைகள் மணிக்கட்டோடு அறுந்த காணொளிகள் ஏராளம்.

வேகம்: நொடிக்கு 25 ஃபிரேமில் வேகமான விரல்கள் புகையாகும். 50 ஃபிரேம் வையுங்கள், ஷட்டர் நூறில் ஒரு நொடி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் 60 ஃபிரேம் வைத்தால் மலிவான எல்இடி விளக்கில் திரை துடிக்கும். ஷட்டரை இருநூறில் ஒன்றாக்கினாலும் பட்டை பட்டையாக ஓடும். உங்கள் ஃபோன் கேமராவில் 50 இல்லாவிட்டால் பிளாக்மேஜிக் கேமரா என்ற இலவசச் செயலியில் கிடைக்கும். ஜன்னல் வெளிச்சத்தில் மட்டும் எடுத்தால் 60ம் பரவாயில்லை. 4கே 60 ஃபிரேமில் நிமிடத்துக்குச் சுமார் 400 எம்பி போகும், இடம் காலி செய்துவிட்டு வாருங்கள்.

ஃபோகஸ், வெளிச்ச அளவு, வெள்ளைச் சமநிலை மூன்றையும் முகத்தில் வைத்துப் பூட்டுங்கள். இல்லாவிட்டால் கை முன்னால் வரும்போதெல்லாம் ஃபோகஸ் கைக்குத் தாவி முகம் மங்கும். விளக்கு இரண்டு, இரு பக்கமும் 45 பாகையில், தலைக்குச் சற்று மேலே, வெள்ளைத் துணி வழியாக. மேலே ஒரு ட்யூப்லைட் மட்டும் என்றால் கண்குழி இருண்டு பார்வையே காணாமல் போகும். பின்னணித் துணியிலிருந்து ஒரு மீட்டராவது முன்னால் நிற்கட்டும், நிழல் விழாது.

கண்ணாடிப் பிம்பப் பொறி: ஃபோனின் முன்கேமராவில் எடுத்தால் சில ஃபோன்கள் இடவலமாகத் திருப்பிச் சேமிக்கும். வலக்கைக் கவிஞர் இடக்கைக் கவிஞர் ஆவார், இடப்பக்கம் வைத்த அம்மா வலப்பக்கம் போவார். பார்ப்பவர்களுக்கு ஏதோ சரியில்லை என்று தெரியும், என்னவென்று தெரியாது. பின்கேமராவிலேயே எடுங்கள்.

அறையில் கவிஞர், ஆலோசகர், இன்டர்பிரட்டர், கேமரா. அவ்வளவுதான். வேடிக்கை பார்க்கும் ஆண்கள் கூட்டம் இருந்தால் முழங்கை விலாவோடு ஒட்டிக்கொள்ளும், நெஞ்சிலும் வயிற்றிலும் வைக்கும் சைகைகள் அரைகுறையாகும். அதே சமயம் ‘இன்னும் பெரிதாகச் செய்யுங்கள்’ என்றும் சொல்லாதீர்கள். அடுக்களையில் ஒளிந்து பேசும் பெண்ணைப் பற்றிய கவிதை இடுப்பருகே, சின்னதாக, ஒரு கையால் நடந்தால் அந்தச் சிறிய அளவு அவர் தேர்ந்தெடுத்தது. முகபாவத்தைக் குறைக்கச் சொல்வது அதைவிட மோசம். பெண் என்றால் முகம் ‘அழகாக’ இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பில், கோணிய வாயையும் உப்பிய கன்னத்தையும் வெட்டச் சொல்லும் தயாரிப்பாளர்கள் இருக்கிறார்கள். வெட்டினால் போவது வினையடை, அதாவது செயல் எப்படி நடந்தது என்று சொல்லும் பகுதி.

முழுக் கவிதையும் ஒரே டேக். நான்கு முதல் ஆறு டேக் எடுக்கலாம். அதற்கு மேல் கையும் முகமும் தளரும். தொடக்கத்திலும் முடிவிலும் மூன்று நொடி கை ஓய்ந்த நிலையில் விடுங்கள். ‘ஸ்டார்ட்’ என்று கத்திப் பயனில்லை. கேமராவுக்கு மேலே கை உயர்த்திக் காட்டுங்கள். முடிந்ததும் பதிவை உடனே நிறுத்தாதீர்கள், கடைசிச் சைகை காற்றில் நிற்பதும் கவிதை.

6. எடிட்டிங்

முன்னும் பின்னும் வெட்டுங்கள். வேறொன்றும் செய்யாதீர்கள். முகத்துக்கு ஜூம் போனால் கை போகும், பக்கவாட்டுக் கேமராவுக்குத் தாவினால் இடமும் வலமும் குழம்பும், ஸ்லோமோஷன் போட்டால் தாளம் கெடும். சோக வயலின் எதற்கு? கவிஞர் கேட்டால் மட்டும் ஒலி சேருங்கள். லோகோவைத் தலைப்பு அட்டையில் போட்டுக்கொள்ளுங்கள், கவிதையின் மேல் வேண்டாம்.

7. தமிழ் வடிவம் (இரண்டு மூன்று வாரம்)

முதலில் ஆலோசகரோடு உட்கார்ந்து சைகைக்குச் சைகை எழுதுங்கள். நெதர்லாந்தின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனம் இலவசமாகத் தரும் ஈலன் மென்பொருளில் காணொளிக்குக் கீழே தனித்தனி வரிசைகள் போடலாம்: வலக்கை, இடக்கை, கண், வாய். தமிழ் எழுத்தும் வேலை செய்யும். இந்த வரிசைகளைப் பார்த்தால்தான் இரு கையும் ஒரே நேரத்தில் இரண்டு வேறு விஷயங்கள் சொல்லும் இடம் பிடிபடும்.

பிறகு தமிழ். இங்கே நம் இலக்கணமே காலை வாரும். சைகைமொழியில் ஒரு இடத்தைச் சுட்டினால் ஆணா பெண்ணா என்று சொல்ல வேண்டியதில்லை. தமிழில் வினைமுற்று வந்ததும் ஆன், ஆள் வந்து ஒட்டிக்கொள்ளும். கவிஞர் கடைசி வரை மறைத்து வைத்ததை இரண்டாம் வரியிலேயே போட்டு உடைத்துவிடுவீர்கள். காலமும் அப்படித்தான். ‘நடந்தாள்’ என்று எழுதிவிட்டால் முடிந்துபோன கதையாகும். வினையெச்சங்கள், பெயர்த்தொடர்கள், தொழிற்பெயர்கள் கைகொடுக்கும்.

முன்னே சொன்ன மழை வரியை ‘மழை பெய்தது, நாற்று முளைத்தது, அவள் தலை கோதினாள்’ என்று எழுதினால் செய்தி சரி, கவிதை போச்சு. ‘விழுவது ஐந்து, எழுவது ஐந்து, முடி கோதி நிற்பதும் அந்த ஐந்து’ என்று எழுதினால் கைவடிவ ஒற்றுமை ஓரளவு காதுக்கு வருகிறது, பாலும் காலமும் வெளியே தெரிவதில்லை. மழை, நாற்று என்ற சொற்கள் இல்லையே என்றால், அவை திரையில் இருக்கின்றன. வேறு தீர்வுகளும் உண்டு, இரண்டு மூன்று எழுதிக் கவிஞரிடம் காட்டுங்கள். காட்டும் முறை: இந்த வேலையில் சேராத வேறொரு இன்டர்பிரட்டர் உங்கள் தமிழைத் திரும்பச் சைகையில் செய்து காட்டட்டும். கவிஞர் முகம் சுளிக்கும் இடத்தைத் திருத்துங்கள்.

எங்கே போடுவது? அடியில் எழுத்து ஓடினால் காது கேட்கும் பார்வையாளர் எழுத்தைத்தான் படிப்பார், கையைப் பார்க்க மாட்டார். எங்கள் பரிந்துரை: தமிழ் வடிவத்தை முதலில் ஒரு அட்டையாக இருபது நொடி காட்டிவிட்டு, கவிதையை வெறுமனே ஓடவிடுங்கள். எழுத்து ஓடியே ஆக வேண்டும் என்றால் ஒரு நேரத்தில் ஒரே வரி, சைகை முடிந்த பிறகு. முன்கூட்டியே வந்தால் படிமம் அவிழும் முன்பே விடை தெரிந்துவிடும்.

மேடையில் நேரடியாக என்றால் குரல் கொடுப்பவர் பெண்ணாக இருக்கட்டும், தமிழ் வடிவத்தை முன்பே பயிற்சி செய்திருக்கட்டும். கவிஞர் கையை அந்தரத்தில் நிறுத்தும்போது அந்த மௌனத்தைப் பேசி நிரப்பக் கூடாது. அரங்க விளக்கை அணைத்துக் கவிஞர் மேல் மட்டும் ஒளி போட்டால், பார்வையாளரில் உள்ள காது கேளாதவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள முடியாமல் போகும், இன்டர்பிரட்டரும் தெரிய மாட்டார்.

8. வெளியீடு

அடியில் ஓடும் தமிழ் எழுத்துக்கான கோப்பை எஸ்ஆர்டி வடிவில், யூடிஎஃப்-8 குறிமுறையில் சேமியுங்கள். நோட்பேடில் ஏஎன்எஸ்ஐ என்று இருந்தால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாகும். யூடியூப் தானாகத் தேர்ந்தெடுக்கும் முகப்புப் படத்தை ஏற்காதீர்கள். அசைவின் நடுவில் உறைந்த முகம் கோணலாகத் தெரியும், பெண் என்றால் அதை வெட்டி மீம் போட ஆள் இருக்கிறது. கவிஞர் தேர்ந்தெடுத்த ஃபிரேமையே போடுங்கள். ஷார்ட்ஸ் ரீமிக்ஸ் அனுமதியை அணைத்துவிடுங்கள். கருத்துப் பகுதியை முதல் ஒரு வாரம் முன்சரிபார்ப்பில் வையுங்கள். ‘பாவம்’, ‘கடவுள் இப்படிப் படைத்தாரே’ வகையறாக்கள்தான் முதலில் வந்து குவியும்.

தேதி: செப்டம்பர் 23 உலக சைகைமொழிகள் தினம். அந்த வாரம் வெளியிட்டால் பரவும், ஆனால் அந்த வாரம் இன்டர்பிரட்டர் கிடைக்க மாட்டார். அதற்கு வெளியிட நினைத்தால் ஜூலைக் கடைசிக்குள் படப்பிடிப்பு முடிந்திருக்க வேண்டும்.

விளக்கக் குறிப்பில் கவிஞர் பெயர் முதலில், பிறகு ஆலோசகர், தமிழாக்கியவர், இன்டர்பிரட்டர், கேமரா. ‘செவித்திறன் சவாலை வென்ற சாதனைப் பெண்’ என்ற தலைப்பு வேண்டாம், கவிதைக்கு ஒரு தலைப்பு இருக்கிறது. வெளியிட்ட அன்றே வெட்டாத முழுப் பதிவையும் இறுதிக் கோப்பையும் பென்டிரைவில் கவிஞருக்குக் கொடுங்கள், சன்மானத்தையும் அன்றே அனுப்புங்கள். உரிமம் முடியும் தேதியை ஃபோன் காலண்டரில் ஒரு மாதம் முன்கூட்டியே நினைவூட்டலாகப் போட்டு வையுங்கள். புதுப்பிக்கவும் அதே காணொளி ஒப்பந்தம், அதே ஒரு வார அவகாசம் வேண்டும்.